வாதக் கட்டுரை ஆன்லைன் வகுப்பு: பணம் கொடுக்கலாமா?

எட்டாவது படிக்கும் மகளைச் சேர்த்துவிட்ட வார இறுதி ஆன்லைன் வகுப்பு இது, பெயர் போடவில்லை. பள்ளியில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்பு போட்டு நடுவில் ஒரு குறளைச் செருகினால் மதிப்பெண் வந்துவிடும்; ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள். 1958இல் பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் முன்வைத்த வாத முறைதான் அடிப்படை: கருத்து, சான்று, அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற இணைப்பு. மூன்றாவதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஆனாலும் கடையில் கிடைக்கிறது என்று மகள் எழுதியிருந்தாள். சரி, அதனால் தடையே வீணா, இல்லை கண்காணிப்புதான் போதவில்லையா என்று ஆசிரியை ஓரத்தில் கேட்டதும் முழுப் பத்தியையும் மாற்றினாள். எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவத்தில் எழுதிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பதும் நல்ல விதி. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த நமக்கு நக்கலடித்தே பழக்கம்!

குறை என்றால், வகுப்பில் கூட்டம் அதிகம், திருத்திய தாள் தாமதமாகத்தான் வரும். அப்புறம் எல்லாமே ஆங்கிலத்தில். தமிழில் எழுதலாமா என்று கேட்டால் மழுப்புகிறார்கள். கட்டணமும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் அடுத்த பருவத்துக்குக் கட்டிவிட்டேன்.