இரண்டு கட்ட டிரிக்கரா, ஒற்றைக் கட்ட டிரிக்கரா? தில்லியில் பல ஆண்டுகள் சுட்டுப் பழகியதன் அனுபவம்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. நின்றபடி 60 குண்டுகளை 75 நிமிடங்களுக்குள் சுட வேண்டிய இப்போட்டியில், எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உடல் முற்றிலும் அசைவற்று நிற்பதில்லை. அசைவு மிகக் குறைந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், துப்பாக்கியைக் குலுக்காமல் குண்டை வெளியே அனுப்பும் பொறுப்பு முழுவதும் டிரிக்கரின் மேலும் அதை அழுத்தும் விரலின் மேலும் விழுகிறது. ஆகவே புதிதாகத் துப்பாக்கி வாங்க வருகிறவர்களிடம், குழலைப் பற்றிக் கேட்பதற்கு முன் டிரிக்கரைப் பற்றிக் கேளுங்கள் என்று நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

அவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் "எத்தனை கிராம்?" என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். டிரிக்கர் விடுபட விரல் தர வேண்டிய அழுத்தத்தைத்தான் இப்படிக் கேட்கிறார்கள்; டிரிக்கரின் எடை என்பது அதுவே. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படிப்பட்ட கீழ்வரம்பு இல்லை என்பதால், எடையைக் குறைத்துக்கொண்டே போகும் ஆசை பலரிடம் இருக்கிறது. மொத்த எடையைவிட அந்த எடை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம் என்பது இரண்டு வகைகளையும் நெடுநாள் பயன்படுத்திய பின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

ஒற்றைக் கட்ட டிரிக்கரில் விரல் வைத்தவுடனேயே எதிர்ப்பு தொடங்கிவிடும். டிரிக்கர் ஏறக்குறைய நகராமல் இருக்க, அழுத்தம் கூடிக்கொண்டே வந்து ஒரு புள்ளியில் விடுபடும். இரண்டு கட்ட டிரிக்கரில் முதலில் மெல்லிய வில்லின் எதிர்ப்போடு டிரிக்கர் சில மில்லிமீட்டர் பின்னால் வரும்; பிறகு ஓர் இடத்தில் தெளிவாகத் தடைபட்டு நிற்கும். சுடுகிறவர்கள் அந்தத் தடையைச் 'சுவர்' என்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் சிறிது அழுத்தினால் குண்டு கிளம்பும். என் ஏர் ரைஃபிளில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 100 கிராம். அதில் 60 முதல் கட்டத்துக்கும் 40 இரண்டாம் கட்டத்துக்கும் வரும்படி அமைத்திருக்கிறேன். இரண்டாம் கட்டத்தை இதைவிடக் குறைத்தால் சுவர் விரலுக்குத் தட்டுப்படாமலே கடந்துபோய்விடுகிறது. அப்படி ஆகிவிட்டால் அது பெயருக்குத்தான் இரண்டு கட்டம். நடைமுறையில் நீளமாக இழுபடும் ஒற்றைக் கட்டம்தான்.

தில்லியின் குளிர்காலம் இந்த வேறுபாட்டை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஜனவரிக் காலையில் வெப்பமூட்டும் வசதி இல்லாத பயிற்சிக் கூடத்தில் நிற்கும்போது, கனத்த ஜாக்கெட் உடலைக் காக்கும்; துப்பாக்கியைத் தாங்கும் கைக்கு உறையும் உண்டு; டிரிக்கர் விரல் மட்டும் வெறுமையாக இருக்கும். மரத்துப்போன விரல் நுனியால் சில பத்து கிராம் அழுத்தத்தைப் பகுத்தறிய முடியாது. மிக மெல்லியதாக அமைக்கப்பட்ட ஒற்றைக் கட்டத்தில், விரல் தொட்டதை மனம் உணர்வதற்கு முன்பே குண்டு போய்விடும். இரண்டு கட்டத்திலோ விரலின் நகர்வே ஒரு செய்தியைத் தருகிறது: மூச்சை விட்டபடி இலக்கின் மேல் இறங்கும்போதே முதல் கட்டத்தை எடுத்துக்கொண்டு சுவரில் விரலை நிறுத்திவிட்டால், அங்கிருந்து சுடுவதா, துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதா என்று தீர்மானிக்க அவகாசம் கிடைக்கிறது. என்னுடன் பயிற்சி செய்யும் மயூர் விஹார் பெண் ஒருத்தி, தன் துப்பாக்கியின் இரண்டாம் கட்டத்தைச் சற்றுக் கூட்டி அமைத்த பிறகு, "அக்கா, இப்பதான் எங்க நிக்கணும்னு விரலுக்கே தெரியுது" என்றாள். அவளுடைய கூர்மையான கவனிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியானால் ஒற்றைக் கட்டத்துக்கு இடமே இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் துக்ளகாபாதில் கட்டப்பட்ட கர்ணி சிங் ரேஞ்சில், ஐம்பது மீட்டரில் படுத்த நிலையில் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குண்டு) துப்பாக்கி சுடும்போது, கிளப்புக்குச் சொந்தமான ஒற்றைக் கட்டத் துப்பாக்கியைத்தான் நான் விரும்பி எடுப்பேன். தோள்வாரும் தரையும் சேர்ந்து துப்பாக்கியை நிலைநிறுத்திவிடுகிற அந்த நிலையில், முன்னகர்வு எதுவும் இன்றிக் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடுபடும் டிரிக்கர் ஒரு சீரான தாளத்தைத் தருகிறது. விரலுக்கு ஒரே வேலைதான். அதையே குண்டுக்குக் குண்டு மாறாமல் செய்ய முடிகிறது. ஆனால் அதே துப்பாக்கியை எழுந்து நின்று பிடித்தால் அந்தச் சுகம் எனக்குக் கிட்டுவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரத் தாள்கள் இதைப் பேசுவதில்லை. சுடும் முனையைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியைச் சியர் என்பார்கள். ஒற்றைக் கட்டம் இழுபடாமல் சட்டென்று விடுபட வேண்டுமானால், சியரின் பிடிப்பு எந்நேரமும் மிகச் சிறிதாகவே இருக்க வேண்டும். அழுத்தத்தையும் அதனுடன் சேர்த்துக் குறைத்துவிட்டால், துப்பாக்கி மேசையில் இடித்தாலும் பிடிப்பு நழுவும் அபாயம் உண்டு. இரண்டு கட்டத்தில் விரல் படாத நிலையில் சியர் ஆழமாகப் பிடித்திருக்கும். முதல் கட்டத்தை இழுக்கும்போதுதான் அந்தப் பிடிப்பு படிப்படியாகக் குறைந்து, சுவரை அடையும்போது சிறிதளவே மிஞ்சும். முரட்டுத்தனமாகக் கையாளப்படும் என்று தெரிந்தே வடிவமைக்கப்பட்ட மவுசர் 98, இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரான லீ என்ஃபீல்டு போன்ற பழைய ராணுவத் துப்பாக்கிகள் இரண்டு கட்ட டிரிக்கரோடு வந்ததற்கு இந்தப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். கட்டம் எதுவானாலும் குழல் இலக்கின் பக்கமே நோக்கியிருப்பதும், குறி வைக்கும்வரை விரல் டிரிக்கருக்கு வெளியே இருப்பதும் மாறக்கூடாத ஒழுங்குகள்.

பராமரிப்பில் கோடைக்காலப் புழுதிதான் பெருந்தொல்லை. மே மாதத்து ஆந்தி எனும் புழுதிப்புயல் வீசி ஓய்ந்த பிறகு துப்பாக்கிப் பெட்டிக்குள்ளும் மெல்லிய மண் படிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு துகள் உரசினால் விரல் அதை உணருமே தவிர, குறி கெடாது. ஒற்றைக் கட்டத்தில் அதே துகள் விடுபடும் புள்ளிக்கு முன்பாக ஒரு சொரசொரப்பை உண்டாக்கிவிடுகிறது. எண்ணெயை நிறைய விடுவது இதற்குத் தீர்வல்ல. எண்ணெய் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கெட்டியான கிரீஸோ குளிரில் இறுகும். துடைத்து உலர்வாக வைத்திருப்பதே எனக்குப் பயன்பட்ட வழி.

இரண்டு கட்டத்தின் குறை, அதைச் சரியாக அமைக்கப் பொறுமை வேண்டும் என்பதுதான். முதல் கட்டத்தின் நீளம், அதன் எடை, இரண்டாம் கட்டத்தின் எடை, சியர் பிடிப்பு, விடுபட்ட பின் டிரிக்கர் நிற்கும் இடம் எனத் திருகாணிகள் பல. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று மாறக்கூடும். சியர் பிடிப்புக்கான திருகாணியைத் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடமே விட்டுவிடுங்கள். மற்றவற்றை ஒரு நேரத்தில் ஒன்று என்று மாற்றி, துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சில நாட்கள் டிரை ஃபயர் பயிற்சியில், அதாவது குண்டில்லாமல் டிரிக்கரை இழுத்துப் பார்ப்பதில், பழகிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். முதல் துப்பாக்கி வாங்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்டால், இரண்டு கட்டமே வாங்கச் சொல்கிறேன். முதல் ஆண்டில் இரண்டாம் கட்டத்தைச் சற்றுக் கனமாகவே வைத்திருக்கும்படியும் சொல்கிறேன்.