தெகா பிரிண்ட்கள்: பழைய கேட்டலாக் மூணுல எதை முதல்ல வாங்கலாம்?

பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகாவோட பிரிண்ட்களுக்காக (தகட்டுல இருந்து அச்சு எடுத்த படங்கள்) செகண்ட் ஹேண்ட்ல தேடினா மூணு கண்காட்சி கேட்டலாக் திரும்பத் திரும்ப கண்ணுல படும். 1968-ல ஹார்வர்டோட ஃபாக் மியூசியம் போட்ட மோனோடைப் (தகட்டுல மையால வரைஞ்சு எடுக்கிற ஒற்றை அச்சு) கேட்டலாக், யூஜீனியா பாரி ஜேனிஸ் எழுதினது. அடுத்தது 1984-ல பாஸ்டன் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியம் போட்டது, சூ வெல்ஷ் ரீடும் பார்பரா ஸ்டெர்ன் ஷபீரோவும் சேர்ந்து எழுதினது. மூணாவது 2016-ல நியூயார்க்ல இருக்கிற நவீன கலை மியூசியம், அதாவது மோமா போட்டது, அதுவும் மோனோடைப் பத்தினதுதான். புதுசு, கலர் வேற நல்லா இருக்குன்னு நிறைய பேர் நேரா மோமாவுக்குப் போயிடுறாங்க. என் ஓட்டு 1984-க்குத்தான்.

ஏன்னா தெகா ஒரு பிளேட்டை, அதாவது அச்சடிக்கிற உலோகத் தகட்டை முடிச்சு மொத்தமா அச்சடிச்சு வித்துட்டுப் போற ஆள் இல்ல. கொஞ்சம் கோடு போடுவார், ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்ப்பார், சுரண்டுவார், அக்வாடின்ட் (அமிலத்தால தகட்டைச் சொரசொரப்பாக்கி நிழல் கொண்டு வர்ற முறை) போட்டு ஒரு மூலையை இருட்டாக்குவார், மறுபடி ஒரு பிரிண்ட் எடுப்பார், இப்படியே போய்க்கிட்டு இருக்கும், அந்த ஒவ்வொரு கட்டத்துக்கும்தான் ஸ்டேட்னு பேரு. 1879-80 வாக்குல ஒரு பொண்ணு குளிச்சிட்டு தொட்டியில இருந்து வெளிய வர்ற மாதிரி ஒரு எச்சிங் (அமிலத்தால தகட்டுல கோடு அரிச்சு எடுக்கிற அச்சு) பண்ணார், பிளேட் 13 செ.மீ. சதுரம்கூட இருக்காது, அதுக்கு 22 ஸ்டேட்! ஒரே ஒரு ஸ்டேட்டை மட்டும் பெரிய கலர் படமா போட்டா அது அழகான படம், அவ்வளவுதான், அவர் என்ன பண்ணிட்டிருந்தார்னு தெரியவே தெரியாது. பாஸ்டன் கேட்டலாக் அதை ஸ்டேட் ஸ்டேட்டா பிரிச்சு, எங்க என்ன மாறுச்சுன்னு சொல்லிட்டே போகுது.

பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல, தெகாவோட ஓவியர் தோழி மேரி கசாட் இருக்கிற எச்சிங்கையே எடுத்துக்குங்க. மேரி நமக்கு முதுகைக் காட்டி குடை மேல சாஞ்சு நிக்கிறாங்க, அவங்க அக்கா லிடியான்னு சொல்லப்படுற பொண்ணு உக்காந்து கைட் புக்குக்கு மேல கண்ணைத் தூக்கிப் பாக்குறாங்க, முன்னாடி கண்ணாடிப் பெட்டிக்குள்ள எட்ருஸ்கன் (பழங்கால இத்தாலி) தம்பதியோட சவப்பெட்டி. இதுக்கு 9 ஸ்டேட். அதே ரெண்டு பேரை ஒருத்தர் மேல ஒருத்தர் படற மாதிரி நகர்த்தி, ஜப்பானியத் தூண் படம் மாதிரி ஒல்லியா நீளமா இன்னொரு பிளேட் பண்ணார், அது இருபது ஸ்டேட்டையும் தாண்டிப் போச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் புரட்டுன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இன்னொண்ணு, ஏலத்துல தெகா எச்சிங் வந்தா தெகா பிரிண்ட்களைப் பட்டியல் போட்ட டெல்டெய் 1919-ல கொடுத்த நம்பர் கூடவே ரீட்-ஷபீரோ நம்பரும் போடுவாங்க. அதாவது கண்காட்சிக்காகப் போட்ட புத்தகம், இன்னிக்கு வரைக்கும் வேலைக்கு ஆகுற ஆதாரப் புத்தகமா நிக்குது. 1917-ல தெகா இறந்தப்புறம் பிளேட்டுல கோடு கிழிச்சு ரத்து பண்ணி எடுத்த பிரிண்ட்களும் மார்க்கெட்ல சுத்துது, அதனால பிரிண்ட் வாங்குற எண்ணம் இருக்கிறவங்களுக்கு இது கையில இருந்தே ஆகணும்.

ஆனா மோனோடைப்னு வந்தா 1984 உங்களுக்குப் பத்தாது. மோனோடைப்ல பிளேட்டுல கோடு வெட்டுறதில்ல, வழவழப்பான தகட்டுல மையைத் தடவி, துணியால துடைச்சு, விரலால இழுத்து, ஒரு பிரிண்ட் எடுத்தா கதை முடிஞ்சுது, ரெண்டாவது எடுத்தா வெளிறிப் போயிருக்கும், அந்த வெளிறினது மேல தெகா பேஸ்டல் (கலர் சாக்குக்குச்சி) போட்டுடுவார். இங்க 1968-க்கும் 2016-க்கும்தான் போட்டி. ஜேனிஸ் 300-க்கு மேல மோனோடைப்களைப் பட்டியல் போட்டிருக்காங்க, அந்த நம்பரை இன்னமும் எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அதுக்கு மாத்தே இல்ல. ஆனா படங்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளை. 1890-ல பர்கண்டி பக்கம் போய்ட்டு வந்து கலர் எண்ணெய் மையில பண்ணின நிலக்காட்சிகள் இருக்கே, பச்சையும் பழுப்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு கிடக்கும், அதைக் கருப்பு வெள்ளையில பாத்தா வெறும் கறைதான். அங்க மோமாதான் ஜெயிக்குது. விரல் ரேகை பதிஞ்ச இடம்கூட அதுல தெரியும். படிக்கவும் பாக்கவும் மட்டும்தான்னா 1968-ஐ விட்டுடலாம்.

வாங்கும்போது பேப்பர்பேக்கா ஹார்ட்பவுண்டான்னு ரொம்ப யோசிக்காதீங்க, உள்ள இருக்கிறதுதான் முக்கியம். லைப்ரரி காப்பின்னாலும் பயப்பட வேணாம், டைட்டில் பக்கத்துல முத்திரை இருந்தா என்ன, படத்து மேல இல்லாம இருந்தா போதும். பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஒருதடவை 'நல்ல நிலை'ன்னு போட்டிருந்த காப்பியை வாங்கினேன், வழவழப்பான தாள்ல எப்பவோ தண்ணி பட்டு நடுவுல எட்டுப் பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மெதுவாத்தான் பிரிச்சேன், படத்தோட மேல்பூச்சு அப்படியே எதிர்ப்பக்கத்தோட உரிஞ்சு வந்துடுச்சு. அட்டை போட்டோ அவ்வளவு பளிச்சுனு இருந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறவங்களுக்கு ஷிப்பிங்கே புத்தக விலையைத் தாண்டிடும், திருப்பி அனுப்புறதெல்லாம் நடக்கிற காரியமில்ல. அதனால காசு போடுறதுக்கு முன்னாடியே செல்லர்கிட்ட அந்த 22 ஸ்டேட் எச்சிங் வர்ற பக்கங்களை முழுசா விரிச்சு வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.