தைப்பிங் ஏரிப் பூங்கா: மழை மரச் சாலைக்காகவே போகலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில் வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட லம்பத்தை, அதாவது சுரங்கத்தைச் சீர்படுத்தி, 1880இல் பூங்காவாக்கினார்கள். மலாயாவின் முதல் பொதுப் பூங்கா இதுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. எந்த நேரமும் போகலாம்.

பார்க்க வேண்டியது ஏரியோரச் சாலை. அங்கே 1884இல் நட்ட மழை மரங்கள் சாலைக்கு மேலாகக் கிளை நீட்டி, மறுபுறம் தாழ்ந்து, நுனியால் தண்ணீரைத் தொடுகின்றன. வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் நடுச்சாலையிலேயே நின்று அண்ணாந்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் தூங்குமூஞ்சி மரம் என்பது இதைத்தான். வெளிச்சம் குறைந்ததும் இலை மடித்துக்கொள்ளும். மலாய்க்காரர்கள் 'புக்கூல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். காலையில் அடர்ந்த கூரையாக இருப்பது அந்தியில் சல்லடையாகிவிடும். நிழல் வேண்டுமானால் காலையில் போங்கள். கிளைகளின் வளைவைப் பார்க்க அந்திதான் சரி.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏரிக்குப் பின்னால் தெரியும் மலை கிழக்கே இருக்கிறது. சூரியன் 7 மணிக்கு மேல் உதித்தாலும் மலையைத் தாண்டி வர நேரமாகும். அதுவரை மலைமுகம் இருட்டாகவே இருக்கும். ஆனால் காற்றில்லாத அந்த நேரத்தில்தான் தண்ணீரில் நிழல் கலையாமல் விழும். மலை பச்சையாகத் தெரிய மாலை வெயில் வேண்டும், அதற்குள் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்றை மலை தடுப்பதால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர் மழை. மதியத்துக்குள் சுற்றி முடிப்பதே நல்லது. அக்டோபர், நவம்பரில் குடையில்லாமல் இறங்கவே வேண்டாம்.

மழை வலுத்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கிளைகளில் பெரணிகளும் பாசியும் மண்டிக் கிடக்கின்றன. அவை நீர் குடித்துக் கனத்தால் முதிய கிளை முறியலாம். தாழ்ந்த கிளையில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுப்பதும் கூடாது. 140 வயது தாண்டிய மரம்; காலடியில் பட்டை உரிந்தால் அந்த வழியாகவே அழுகல் ஏறும். பழைய லம்பக் குளங்களில் கரையிலிருந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் ஆழம் வந்துவிடும் என்பதால், சிறுவர்களைத் தண்ணீரோரம் தனியே விடக்கூடாது.

அன்னப் படகு சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் சாலையை இன்னொரு முறை நடப்பதே மேல். பக்கத்திலேயே 1961இல் தொடங்கிய விலங்குத் தோட்டம், இரவிலும் பார்க்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் சுமார் 3 மணி நேரம். நிலையம் நகரின் மேற்கே, பூங்கா கிழக்கே. நடந்து போய்க் களைப்பதைவிட வாடகைக் கார் பிடித்து, 'ரெயின்ட்ரீ வாக்' என்று சொல்லி இறங்குங்கள். வெறுமனே ஏரிப் பூங்கா என்றால் 64 ஹெக்டேரில் எந்த மூலையிலும் இறக்கிவிடுவார்கள்.