பத்மினிக்குப் பார்ட்ஸ்: வடசென்னையில் எது கிடைக்கும், எது படுத்தும்

பிரீமியர் பத்மினி என்ற பழைய காரை வாங்கப்போகிறேன் என்று சொன்னாலே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இன்ஜின் சாமான் கிடைக்குமா?" கிடைக்கும். ராயபுரத்தில் வைத்து, சில வருடங்களாக ஒரு பத்மினியை ஓட்டியும் பிரித்தும் மாட்டியும் வருகிறேன். அந்த 1089 சிசி இன்ஜின் அவ்வளவாகப் படுத்துவதில்லை. தூக்கத்தைக் கெடுப்பது ரப்பரும் கண்ணாடியும்.

ஜார்ஜ் டவுன் பேரிங் கடையில் போய் வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள். "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினால் விளிம்பில் எண் தெரியும். அதைச் சொல்லுங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. 6204 என்றால் 20, 47, 14. மிக்ஸியில் இருந்தாலும் காரில் இருந்தாலும் அளவு அதுதான். ஆயில் சீலும் அப்படியே: தண்டின் விட்டம், அது உட்காரும் குழியின் விட்டம், தடிமன். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனால் போதும்.

அளவிலும் அடங்காத சாமானுக்கு லேத் பட்டறை. இந்த விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். செம்பியத்தில் பிஸ்டன், எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் புல்லட், கொஞ்சம் தள்ளிப் பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று செய்து பழகிய கைகள் இங்கே நிறைய. பத்மினிக்கு கியர் லிவர் ஸ்டியரிங்கை ஒட்டி இருப்பதால் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நிறைய இணைப்புகள். அதில் புஷ் (இணைப்புக்குள் உட்காரும் சின்ன வளையம்) தேய்ந்தால் கியர் விழுகிற இடமே தெரியாது. வியாசர்பாடியில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "சாம்பிள் கொண்டா தம்பி, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பித்தளையில் கடைந்து கொடுத்தது இன்றுவரை ஆடவில்லை. கிளட்ச் பிளேட்டுக்கும் பழைய தட்டிலேயே புது லைனிங் ரிவெட் அடித்து வாங்கிவிடலாம்.

பிரேக் மட்டும் வேறு கதை. காயலான் கடை வீல் சிலிண்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

இனி ரப்பர். பழைய கடைகளில் பெட்டி பிரிக்காத சரக்கு என்று எடுத்துக் காட்டுவார்கள். இரும்புச் சாமானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் இறுகும். மாஸ்டர் சிலிண்டர் கிட், பிரேக் ஹோஸ் எல்லாம் இருபது வருடப் பெட்டியிலிருந்து வந்தால் விலை பேசவே வேண்டாம். கதவு பீடிங்குக்கு, அதாவது கதவோரத்து ரப்பர் பட்டைக்கு, ஒரு வழி உண்டு: பழையதிலிருந்து ஒரு துண்டு அறுத்துக்கொண்டு போய், அதே குறுக்குவெட்டு உள்ளதை மீட்டர் கணக்கில் தேடுங்கள். வேறு வண்டியின் பீடிங் அச்சாகப் பொருந்தியதும் உண்டு. எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் பீடிங் போனால் அடுத்து கதவின் அடித்தகடு போகும், அதனால் இதைத் தள்ளிப்போடுவதில்லை.

கதவுக் கண்ணாடி தட்டையானது. மாதிரி கொடுத்தால் வெட்டி, ஓரம் தேய்த்து, பிறகு டஃபன் செய்து (சூடாக்கி உறுதியாக்கி) தருவார்கள். டஃபன் செய்தபின் வெட்ட முடியாது, நொறுங்கிவிடும். எனவே அளவில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். முன்கண்ணாடி வளைவு. அதை இங்கே யாரும் சும்மா வெட்டித் தர முடியாது.

அதற்கெல்லாம் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை, இல்லையென்றால் மும்பை. மும்பையில் டாக்சியாக ஓடிய பத்மினிகள் கழிக்கப்பட்டவரை கதவு, பம்பர், கண்ணாடி எல்லாம் புழக்கத்தில் இருந்தன. 2023 அக்டோபரில் கடைசி டாக்சியும் ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் ஒரு மாதிரியாகத்தான் இருக்கின்றன. ஆன்லைனில் ஒருவரிடம் இடது கதவுக் கைப்பிடி கேட்டு வலது வந்தது. திருப்பி அனுப்பும் செலவு கைப்பிடியைவிட அதிகம் என்பதால் அலமாரியில் கிடக்கிறது.

முழு இன்ஜினாக வாங்குவதென்றால் ரசீதும், அந்த இன்ஜின் வந்த வண்டியின் பேப்பரும் கேளுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் பிளாக்கில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது பதில் சொல்வது நீங்கள்தான், காயலான் கடைக்காரர் அல்ல.

எனக்கு இன்னும் கிடைக்காதது வலதுபக்க டெயில் லேம்ப்பின் சிவப்பு மூடி. புதிதாக வார்த்தது வேண்டாம், நிறம் சேரவில்லை. ஒரிஜினல் வைத்திருப்பவர்கள் அந்த இடது கைப்பிடியும் சேர்த்துக் கொடுத்தால் என்னிடம் உள்ள வலதைத் தந்துவிடுகிறேன்.