தாய்க்கும் சேய்க்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை: லினக்ஸ் ஷேப்பரில் எதைத் திருத்துவது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு லினக்ஸ் பெட்டியில் எச்டிபி (வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஷேப்பர்) போட்டு, வீட்டு இணைப்புகளுக்கு வேகம் பிரித்துக் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டருக்கு இப்படி ஒரு குழப்பம் வரலாம். டிராஃபிக் முழுக்க நின்றுவிட்டது. ஆனாலும் ‘டிசி -எஸ் கியூடிஸ்க் ஷோ’ (கியூடிஸ்க் எனப்படும் பாக்கெட் வரிசைகளின் கணக்கைக் காட்டும் கட்டளை) கொடுத்தால், மேலே தாயான எச்டிபியில் பேக்லாக் (காத்திருக்கும் அளவு) 4542 பைட், 3 பாக்கெட். கீழே அதன் சேயான, பாக்கெட்டுகளை வைத்திருக்கும் எஃப்கியூ-கோடெலில் சுத்தமாக 0. சில பிழைகளில் பாக்கெட் எண்ணிக்கை 4294967295 என்றுகூட நிற்கும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, 32 பிட் எண் சுற்றி வந்ததன் அடையாளம் அது.

திருத்த வழிகள் சில உண்டு. எல்லாம் ஒரே தரமல்ல.

மலிவான வழி, காட்டும் நேரத்தில் சேய்களைக் கூட்டிக் காட்டுவது. பல வரிசைகளை ஒன்றாகக் காட்டும் எம்கியூ கியூடிஸ்க் அப்படித்தான் செய்கிறது. தனக்கென்று வரிசை இல்லாததால் அதற்கு அது பொருந்தும். எச்டிபிக்கு இது வெறும் பூச்சு வேலை. எச்டிபியின் டீகியூ (பாக்கெட்டை வெளியே எடுக்கும் செயற்கூறு) சேய்களைத் தேடும் முன் தன் கியூ நீளத்தைத்தான் பார்க்கிறது. 0 என்றால் அப்படியே திரும்பிவிடும். கணக்கு குறைந்து போனால், உள்ளே பாக்கெட் இருந்தும் வெளியே வராது. அந்த எண்ணை வைத்துத்தான் ஷேப்பரே ஓடுகிறது.

இரண்டாவது வழி, சேய் தூக்கியெறிந்ததை உடனுக்குடன் மேலே சொல்வது. 2016-இல் வந்த ‘கியூடிஸ்க்_ட்ரீ_ரெட்யூஸ்_பேக்லாக்’ இதற்காகத்தான். அதற்கு முன்பிருந்த செயற்கூறு பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் குறைத்தது, பைட்டை விட்டுவிட்டது. சரியான வழி இதுதான். ஆனால் சறுக்கும் இடங்கள் ஏராளம்:

- சேய் தன் நீளத்தைக் குறைத்த பிறகே அழைக்க வேண்டும். முந்தினால், சேய் காலியான செய்தி தாய்க்குப் போகாது.
- சேயின் என்கியூ (பாக்கெட்டை உள்ளே போடும் செயற்கூறு) ‘சிஎன்’ (நெரிசல்) என்று திருப்பினால், தாய் அந்தப் பாக்கெட்டைக் கூட்டவே இல்லை. எனவே எறிந்த எண்ணிக்கையில் ஒன்று கழித்துத்தான் மேலே சொல்ல வேண்டும். மறந்தால் இரட்டைக் கழிவு.
- ஜிஎஸ்ஓ பாக்கெட்டை (பல பாக்கெட் சேர்ந்த பெரிய கட்டு) டிபிஎஃப் என்ற கியூடிஸ்க் 45 துண்டாக்கினால், தாய்க்குத் தெரிந்தது 1. மேலே போக வேண்டியது 1 கழித்தல் 45, அதாவது மைனஸ் 44. பைட் வித்தியாசமும் கூடவே போக வேண்டும்.

இனி தொடக்கத்தில் பார்த்த அந்த 3 பாக்கெட். கோடெல் டீகியூ நேரத்திலும் எறியும். எறிந்த கையோடு வரிசை காலியானால் மேலே சொல்லக் கூடாது, சொன்னால் எச்டிபி விழுந்துவிடும், அடுத்த சுற்றுக்குத் தள்ளிவை என்று எஃப்கியூ-கோடெலில் வெகுகாலம் ஒரு காவல் நிபந்தனை இருந்தது. டிராஃபிக் நின்றுவிட்டால் அடுத்த சுற்று ஏது?

எனவே மூன்றாவது வழி: ‘காலி’ என்று இரண்டு முறை சொன்னாலும் தாய் தடுமாறாதபடி செய்துவிட்டு, அந்த நிபந்தனையை நீக்குவது. 2025-இல் எச்டிபி, எச்எஃப்எஸ்சி, டிஆர்ஆர், கியூஎஃப்கியூ, இடிஎஸ் ஆகிய ஐந்து தாய் கியூடிஸ்க்குகளும் இப்படித் திருத்தப்பட்டன. எச்டிபியில் அறிவிப்புச் செயற்கூறை மட்டும் மாற்றியது போதவில்லை. ‘நல் பாயின்டர்’ பிழை (இல்லாத நினைவிடத்தைத் தொடுவது) வந்ததால் ‘எச்டிபி_டீஆக்டிவேட்’ உள்ளேயே சோதனையை வைக்க வேண்டியதாயிற்று. பழைய கர்னலுக்கு எடுத்துப் போடுபவர்கள் தாய்ப் பக்கப் பேட்ச்களை முதலில் போடட்டும், நிபந்தனை நீக்கத்தைக் கடைசியில். மாற்றிப் போட்டால் பெட்டியே விழும். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்ததே முழுத் திருத்தம். ஒன்றை மட்டும் எடுப்பதில் பயனில்லை.

கர்னலில் கை வைக்க விரும்பாதவர்களுக்கு கேக் என்ற கியூடிஸ்க் இருக்கிறது (கர்னல் 4.19, 2018). வேகக் கட்டுப்பாடும் வரிசையும் ஒரே கியூடிஸ்க்கில் அடங்குவதால், ரூட்டில் வைத்தால் தாய்–சேய் வழக்கே இல்லை. ஒரே அப்லிங்க்கைப் பங்கிட நல்லது. ஆனால் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் வேறு வேறு பிளான் என்றால் கேக் மட்டும் போதாது, எச்டிபிக்கே திரும்ப வேண்டும்.

சோதிக்க இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், நடுவில் ஒரு வீத் ஜோடி (மெய்நிகர் கேபிள்) போதும். எச்டிபி 1 எம்பிட், கீழே எஃப்கியூ-கோடெல்; ஐபெர்ஃப்3 கருவியில் யுடிபி 10 எம்பிட், 30 வினாடி. நிறுத்தி, வரிசை வடியும்வரை பொறுத்து, ஒவ்வொரு மட்டத்திலும் 0 பைட், 0 பாக்கெட் வருகிறதா பாருங்கள். டிபிஎஃப், கேக் என்றால் டிசிபியிலும் ஓட்டி, ஈதிடூல் கட்டளையில் ஜிஎஸ்ஓ, டிஎஸ்ஓ (துண்டாக்கும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் விடுவது) இரண்டையும் அணைத்து மறுபடி பாருங்கள். பிழை மறைந்தால் துண்டாக்கும் கணக்கில்தான் கோளாறு.

அதுவரை சமாளிக்க, ரூட் கியூடிஸ்க்கை அழித்து மறுபடி போட்டால் எண்கள் சுத்தமாகும், ரீபூட் தேவையில்லை. வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகள் போய்விடும் என்பதால், கூட்டம் குறைந்த அதிகாலையில் செய்யுங்கள்.