நீண்ட காலப் பயன்பாட்டில் ஹிர்ஸ்ட் பொறி: மகரந்த எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

காற்றில் மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்து எண்ண உதவும் ஹிர்ஸ்ட் பொறியின் மூல வடிவமைப்பு 1952-இல் வந்தது; ஏழு நாள் ஓடும் வகை பின்னர் வந்தது. அடிப்படை இன்றும் அதுவேதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை 14 × 2 மி.மீ. பிளவு வழியாக உறிஞ்சி, மணிக்கு 2 மி.மீ. நகரும் பசை நாடாவில் மோதவிடும். ஆக, ஒரு நாளைக்கு 48 மி.மீ. நாடா, 14.4 கன மீட்டர் காற்று. ஆண்டுக்கணக்கில் உழைக்கிற கருவிதான். ஆனால் அது தரும் எண்ணில் உள்ள பிழையில் கணிசமான பகுதி, நாடாவை நாள்வாரியாக வெட்டி ஒட்டிய ஸ்லைடு மைக்ரோஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பே உள்ளே புகுந்துவிடுகிறது.

முதல் குற்றவாளி காற்றோட்டம். பிளவில் தூசியோ சிலந்தி நூலோ அடைத்து 10 லிட்டர் 8 ஆகிவிட்டால், கணக்கு 10 என்றே போடப்படுவதால் அறிக்கை 20 சதவீதம் குறைவாக வரும். வாரம் ஒருமுறை நாடா சுற்றிய டிரம்மை மாற்றும்போது, பிளவைச் சுத்தம் செய்வதற்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு என இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். பலரும் முதல் அளவை எடுப்பதே இல்லை; அடைப்பு இருந்த தடயமே போய்விடுகிறது. காற்றோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டரை (குழாய்க்குள் மிதவை எழும் உயரத்தால் ஓட்டத்தைக் காட்டும் கருவி) முழுமையாக நம்பவும் முடியாது. பொறியின் பிளவில் பொருத்தியதும் அதுவே காற்றைத் தடுக்கும். அந்த நிலையில் 10-க்குச் சரிசெய்து மீட்டரைக் கழற்றினால், உண்மையான ஓட்டம் 10-ஐத் தாண்டும். எண்ணிக்கையும் கூடுதலாகக் காட்டும். எதிர்ப்பு குறைந்த மின்னணு மீட்டரோடு அவ்வப்போது ஒப்பிட்டு, அந்தந்தக் கருவிக்கான வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வதே வழி. சாய்த்துப் பிடித்தால் ரோட்டாமீட்டர் தப்பாகக் காட்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பசை விஷயத்தில், வெயில் கடுமையான இடத்தில் வாஸ்லின் பூச்சு இளகி வழியும், சிலிக்கோன் தாங்கும். பூச்சு மெலிந்தால் துகள் ஒட்டாமல் தெறித்துப் போகும். தடித்தால் உள்ளே அமிழ்ந்து, ஃபோகஸுக்கு அகப்படாது.

எண்ணும் இடத்தில் அதிகம் சறுக்குவது பெருக்கு எண், அதாவது எண்ணிய துகளைக் கன மீட்டர் கணக்குக்கு மாற்றப் பெருக்கும் எண். 40 மடங்கு ஆப்ஜெக்டிவ், புல எண் (ஐபீஸ் காட்டும் வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்) 20 உள்ள ஐபீஸ் என்றால் பார்வை அகலம் 20 ÷ 40 = 0.5 மி.மீ. நீளவாக்கில் நான்கு வரி எண்ணினால், 14 ÷ (0.5 × 4 × 14.4) = 0.486. எண்ணிய ஒவ்வொரு துகளுக்கும் கன மீட்டருக்கு அவ்வளவு. ஐபீஸை மாற்றி, புல எண் 22 ஆகிவிட்டால் அகலம் 0.55. பழைய பெருக்கு எண்ணே தொடர்ந்தால் அன்றிலிருந்து எல்லாமே 10 சதவீதம் கூடுதல். வரைபடத்தில் 'மகரந்தம் அதிகரித்த ஆண்டு' ஒன்று பிறந்துவிடும்! ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (நுண் அளவுகோல் பொறித்த ஸ்லைடு) வைத்து அளந்துகொள்வது ஐந்து நிமிட வேலை.

நான்கு வரி என்பது நாடாப் பரப்பில் ஏறக்குறைய 14 சதவீதம்தான். துகள்கள் 14 மி.மீ. அகலத்திலும் சமமாகப் படிவதில்லை. வரிகளை நடுவிலேயே நெருக்கிப் போடாமல் பரப்பிப் போட வேண்டும். எண்ணியது 9 துகள் என்றால் தற்செயல் பிழை மட்டுமே 3, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதைக் கன மீட்டருக்கு 4.37 என்று தசமத்தோடு வெளியிடுவது வெறும் அலங்காரம். 100 துகள் எண்ணினால்தான் அந்தப் பிழை 10 சதவீதத்துக்கு இறங்கும். எனவே பருவத் தொடக்கத்தின் ஒற்றை நாள் எண்ணைவிட வாரச் சராசரியை நம்பலாம்.

இனம் காண்பதிலும் எல்லை உண்டு. புல் மகரந்தம் எல்லாம் ஒற்றைத் துளையோடு ஒரே சாயல். எந்தப் புல் என்று இந்த ஸ்லைடில் சொல்ல முடியாது. ஃபுக்சின் சாயம் அதிகமானால் மேலோட்டு வடிவமே இருண்டுபோகும்.

தானியங்கிக் கருவிகள் மணிக்கு மணி எண் தருவது பெரிய வசதி. ஆனால் பூவிலிருந்து உதிர்த்த புதிய மகரந்தத்தில் மட்டும் பயிற்சி பெற்ற மென்பொருள், காற்றில் காய்ந்து சுருங்கி ஒட்டிக்கொண்டு வரும் துகளில் தடுமாறும். பருவமில்லாத நாளில் பூஞ்சை வித்தும் தூசியும் மகரந்தக் கணக்கில் ஏறும். இவற்றை ஹிர்ஸ்ட் பொறிக்குப் பக்கத்திலேயே ஒரு முழுப் பருவம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஒட்டுறவு எண் (இரு கருவிகளின் எண்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு) உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது: ஒரு கருவி தினமும் 30 சதவீதம் குறைத்துக் காட்டினாலும் ஒட்டுறவு அழகாகவே இருக்கும். பருவம் முழுவதற்குமான கூட்டுத்தொகைகளின் விகிதத்தை இனவாரியாகப் போட்டால் குட்டு வெளிப்படும்.