காத்தான்குடியில் டிவி பேக்லைட் மாற்றினேன்: கடை எப்படி, காசு எவ்வளவு

டிவியைப் போட்டால் சத்தம் ஒழுங்காக வருகிறது, ரிமோட்டை அமத்தினால் சனல் மாறுவதும் கேட்கிறது, திரை மட்டும் முழுக் கறுப்பு என்றால் உடனே புது டிவிக்குக் காசு சேர்க்கத் தொடங்காதீர்கள். அநேகமாகச் செத்தது படம் இல்லை, படத்துக்குப் பின்னால் எரிகிற வெளிச்சம், அதாவது பேக்லைட். எங்கள் வீட்டு 55 அங்குல டிவிக்கு அதுதான் நடந்தது. காத்தான்குடியில் உள்வீதி ஒன்றில் இருக்கிற, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கடையில் கொடுத்துத் திருத்தி எடுத்தோம். நல்ல வேலை. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், அதையும் எழுதுகிறேன்.

முதலில் போனது டிவியை விற்ற கம்பனியின் சேவை நிலையத்துக்கு. அங்கே பின்மூடியைக் கழற்றாமலே, ஒரு தடவை ஓன் பண்ணிப் பார்த்துவிட்டு, "பேனல் போயிட்டு, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். பேனல் என்றால் படம் காட்டுகிற திரை. சொன்ன விலை ஒரு இலட்சத்துக்கு மேலே. அதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாம் என்று அந்தத் தம்பியே ஆலோசனையும் சொன்னார், விற்பனைப் பகுதி பக்கத்தில்தான் இருக்கிறது என்றும் கையைக் காட்டினார். 2021இல் வாங்கிய டிவி அது. அடுத்த வருடம் ரூபா விழுந்து டிவி விலை எல்லாம் எங்கேயோ போய்விட்டது, அதே அளவில் இன்றைக்கு வாங்குவதென்றால் யோசிக்கத்தான் வேண்டும். அதனால் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

காத்தான்குடிக் கடையின் நம்பர் ஒரு நண்பன் மூலமாகக் கிடைத்தது. கடைக்கார நானா (அண்ணன் என்று கூப்பிடுவது போல) எடுத்த எடுப்பில் "கொண்டு வாங்க" என்று சொல்லவில்லை, எனக்கு முதலில் பிடித்தது அதுதான். "ராவைக்கு ரூம் லைட்டெல்லாம் நிப்பாட்டிட்டு டிவியப் போடுங்க தம்பி. டோர்ச்ச ஸ்கிரீனுக்குக் கிட்ட வெச்சி, நேரா இல்லாம சரிச்சி அடிச்சிப் பாருங்க. ஆள் தெரிஞ்சா எனக்குப் போன் எடுங்க, தெரியல்லன்னா வேற கதை" என்றார். அடித்துப் பார்த்தால், செய்தி வாசிக்கிறவரின் முகமும் கீழே ஓடுகிற எழுத்தும் மங்கலாக, ஆனால் தெளிவாகவே தெரிகிறது. பேனல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. சேவை நிலையத்தில் ஒரு நிமிடம் செலவழித்து இதைச் செய்திருக்கலாம்.

விஷயம் இதுதான். எல்ஈடி டிவி என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவற்றில் படம் காட்டுவது எல்சிடி பேனல்தான். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்பக்கத்தில் நீளமான பட்டிகளில் எல்ஈடிகள் வரிசையாக இருந்து வெளிச்சம் கொடுக்கின்றன, மெல்லிய மாடல் சிலதில் பட்டி ஓரத்தில் மட்டும் இருக்கும். இந்த எல்ஈடிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையாகவோ இரண்டு மூன்று வரிசையாகவோ கோத்திருப்பார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் பல்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போனால் அந்த வரிசையே போச்சு. வரிசை அறுந்ததும் கரண்ட் கொடுக்கிற டிரைவர் வோல்ட்டேஜை ஏற்றி ஏற்றிப் பார்க்கும், ஒரு எல்லைக்கு மேல் போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தத்தையும் நிறுத்திவிடும். சில வீடுகளில் டிவியைப் போட்டதும் ஒரு செக்கன் படம் பளிச்சென்று வந்து அணைந்துவிடுகிறது என்பார்களே, அதுவும் அநேகமாக இந்தப் பாதுகாப்பு வேலைதான். திரையில் கோடு விழுவது, டோர்ச் அடித்தும் ஒன்றுமே தெரியாதது, இவை வேறு வருத்தங்கள். அதற்கு பேக்லைட் மாற்றிப் பிரயோசனமில்லை.

கொண்டுபோவது பற்றி ஒரு சொல். 55 அங்குலம் என்றால் அகலம் நாலடிக்கு மேலே, ஆட்டோவில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பட்டா (சின்ன லொறி) பிடித்து, மெத்தையைச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டிப் போனோம். படுக்கவைத்தால் குலுங்குகிற குலுக்கலில் கண்ணாடி நடுவில் வெடிக்கும்.

கடையில் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "பாருங்க, கை மட்டும் வெக்காதீங்க" என்றார். பெரிய மேசை, அதன்மேல் போர்வை விரித்து டிவியைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். பின்மூடி, பிறகு ஒவ்வொரு ஸ்குரூவும் எந்த இடத்தது என்று தனித்தனி மூடிகளில். இதுவரை யாரும் செய்யலாம். அப்புறம்தான் பயம். பேனல் கண்ணாடி இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது, அதன் ஓரத்தில் மெல்லிய ரிப்பன்கள் ஒட்டியிருக்கும், அதில் ஒன்று மடிந்து கிழிந்தாலும் திரையில் கோடு விழும், இங்கே யாராலும் அதைத் திரும்ப ஒட்ட ஏலாது. ரப்பர் பிடிகளை இரண்டு பக்கமும் ஒட்டி, நானாவும் வேலைக்கு நிற்கிற பையனும் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். களுவாஞ்சிகுடியில் என் மச்சான் ஒருவன் வீடியோவைப் பார்த்துத் தனியாக இதே வேலையைச் செய்யப்போய் மூலையை உடைத்தான், இப்போது அந்த டிவி சுவரில் சும்மா தொங்குகிறது. பெரிய டிவி என்றால் இது தனி ஆளின் வேலை இல்லை.

பேனலுக்குக் கீழே வெளிச்சத்தைப் பரப்புகிற வெள்ளைத் தகடும் இரண்டு மூன்று மெல்லிய ஷீட்டும் இருக்கின்றன. எது மேலே, எது கீழே, எந்தப் பக்கம் என்பதெல்லாம் மாறக்கூடாது, விரல் பட்டால் அந்தக் கறை படத்தில் தெரியும். இந்த இடத்தில் அவர்கள் கையுறை போடவில்லை, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கினார்கள், இருந்தாலும் போட்டிருக்கலாம் என்றே எனக்குப் பட்டது. பட்டிகள் தெரிந்ததும் டெஸ்டரை வைத்தார். கை படக்கூடாது என்று முதலிலேயே எச்சரித்தார், அந்த டெஸ்டர் பெட்டி நூற்றுக்கணக்கான வோல்ட் வரைக்கும் ஏறுமாம். ஒரு பட்டி எரியவே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு எல்ஈடி கருகி, சுற்றியிருந்த வெள்ளை ஷீட்டும் பழுப்பு நிறமாகியிருக்கிறது. இன்னும் இரண்டு பட்டிகளில் வெளிச்சம் நீலமாக அடித்தது. எல்ஈடிக்குள் இருப்பது நீல வெளிச்சம், மேலே பூசிய மஞ்சள் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது, பூச்சு சூட்டில் கெட்டால் நீலம் வெளியே தெரியத் தொடங்கும். டிவி கொஞ்ச நாளாக நீலம் பாய்ந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஒரு எல்ஈடியின் லென்ஸ் பசை விட்டுக் கழன்று உள்ளே உருண்டு கிடந்தது. திரையில் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு விழுகிறதே என்று பலர் கேட்பார்கள், அது இப்படிக் கழன்ற லென்ஸ்தான்.

கருகின பட்டியை மட்டும் மாற்றினால் காசு குறையுமே என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ட மாத்திட்டு அனுப்பினா ரெண்டு மாசத்தில அடுத்தது போகும். நீங்க என்னத்தான் ஏசுவீங்க. ஒவ்வொரு முறையும் பேனலத் தூக்குறதுதான் ஆபத்து தம்பி" என்றார். நியாயமான பேச்சு. புதுப் பட்டியும் பழையதும் கலந்தால் வெளிச்சம் ஒரே மாதிரியும் இருக்காது. டவுனில் வேறு ஓரிடத்தில் கருகின எல்ஈடியை மட்டும் பிடுங்கி வேறொன்று ஈயம் வைத்துத் தருவதாக 4,000 ரூபாவுக்குச் சொன்னார்கள். 32 அங்குலத்துக்கு வேண்டுமானால் செய்து பார்க்கலாம். இந்த அளவுக்கு நான் செய்யமாட்டேன்.

பட்டி வாங்குவதில்தான் நாட்கள் போயின. டிவியின் மாடல் நம்பர் மட்டும் போதாது, ஒரே மாடலுக்குள்ளேயே வேறு வேறு பேனல் வருமாம். பட்டியிலேயே அச்சடித்திருக்கிற நம்பர், ஒரு பட்டிக்கு எத்தனை எல்ஈடி, ஒவ்வொன்றும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, லென்ஸ் எந்த வடிவம், கனெக்டர் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் படமெடுத்து கொழும்புக்கு, முதலாம் குறுக்குத் தெருவில் அவருக்குத் தெரிந்த கடைக்கு அனுப்பினார். அங்கே முதலில் இல்லை, பிறகு வந்து, பஸ்ஸில் பார்சலாக வந்துசேர்ந்தது. அதுவரை பேனல் கழற்றியபடி அவர் கடை அலுமாரிக்கு மேலே. எங்கள் வீட்டில் தினமும் ஒரு ஏச்சு. இந்த இடைவெளியில் அவர் தானாக ஒரு தடவையும் எடுக்கவில்லை, நாங்கள் எடுத்தாலும் பாதி நேரம் பதில் இல்லை. எத்தனை நாளாகும் என்று உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் கோபமே வந்திருக்காது.

ஏன் எரிந்தது என்று கேட்டால் நம்மில் எல்லாரும் கரண்டைத்தான் சாட்டுவோம். 2022இல் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்த காலத்தை நானும் இழுத்தேன். நானா சிரித்தார். கரண்ட் வந்து வந்து போனால் பவர் போர்டுக்குத்தான் அடி, பட்டியைத் தின்பது சூடு என்றார். பல டிவிகள் கடையிலிருந்து வரும்போதே பேக்லைட் உச்சத்தில்தான் வருகின்றன, கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக. நாங்களும் அப்படியே விட்டிருந்தோம், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, காலையிலிருந்து இரவு வரைக்கும். அவர் செய்த நல்ல வேலை என்னவென்றால், புதுப் பட்டி போட்டதோடு நிற்காமல், டிரைவரில் ஒரு ரெசிஸ்டரை மாற்றி கரண்டையும் கொஞ்சம் குறைத்துவிட்டார். மெனுவில் பேக்லைட்டை 60இல் வைக்கச் சொன்னார். கவனியுங்கள், பல டிவிகளில் பிரைட்னஸ் வேறு, பேக்லைட் வேறு. பிரைட்னஸைக் குறைத்தால் கறுப்புப் பகுதி இன்னும் இருளுமே தவிர பட்டிக்கு ஒரு ஆறுதலும் இல்லை. குறைக்க வேண்டியது பேக்லைட் என்று போட்டிருப்பதைத்தான்.

இதனால் பகலில் ஜன்னல் திறந்திருக்கும்போது படம் முன்னைவிடக் கொஞ்சம் மங்கல். அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். இரவில் வித்தியாசமே தெரியாது, எனக்கென்றால் கண்ணுக்கு இதுதான் நல்லது. நிறம் பழையபடி வந்துவிட்டது, நீலம் போய்விட்டது.

காசு: பட்டிகள், கூலி, எல்லாம் சேர்த்து 17,500 ரூபா. பட்டா கூலி வேறு. அந்த ஒரு இலட்சத்தோடு பார்த்தால் பேசவேண்டியதில்லை. ஆனால் பில் இல்லை, உத்தரவாதம் மூன்று மாதம், அதுவும் வாய்ச்சொல். கேட்டபிறகு ஒரு துண்டில் எழுதித் தந்தார், எல்லாரும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குறை, இடது பக்கக் கீழ் மூலையில் ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு தூசி மாட்டிவிட்டது. வெள்ளைப் படம் வரும்போது சின்னதாகத் தெரிகிறது. திரும்பக் கழற்றித் துடைத்துத் தருகிறேன் என்றார், பேனலைத் திரும்பத் தூக்கவேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன். பக்கத்தில் மரக்கடை இருக்கிறது, கதவும் திறந்தே கிடக்கிறது, இந்த வேலைக்கு அது சரியான இடம் இல்லை. எடுக்கப் போகும்போது போனில் முழு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டுபோய் டிவியில் போட்டு, நிழல், பொட்டு, ஓரத்தில் இருட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பிளேன்ரீ கூடத் தருவார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டு. ரிமோட்டையும் கொண்டுபோங்கள், டிவியின் காலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 65 அங்குலத்துக்கு மேலே அவர் எடுப்பதில்லை, மேசை போதாது.